வேலையாளின் களவும் வேலைகொள்வோரின் கடப்பாடும்: கற்பிட்டிக் கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. பிரச்சினை

சட்டத்தின் வரலாற்றை அரசர்களின் ஆணைகளினதும் நீதிபதிகளின் பெயர்களினதும் வரலாறாகவே எழுதிவரும் வழக்கம் நம்மிடையே நீண்டகாலமாக நிலவி வருகின்றது. சட்டம் யாருடைய இழப்பை இழப்பாகக் கருதியது, யாருடைய கையைச் சந்தேகித்தது, யாருடைய பணப்பையைத் தொடாது விட்டது என்னும் வினாக்களை எழுப்பும்போதே அது சமூக வரலாறாகின்றது. அத்தகைய வினா ஒன்றினையே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கின்றோம். ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரின் வீட்டுக்குத் தச்சரையோ, வர்ணம் பூசுபவரையோ, துப்புரவுத் தொழிலாளியையோ அனுப்புகின்றது. சென்றவர் அவ்வீட்டிலிருந்து ஒரு பொருளைக் களவாடிவிடுகின்றார். களவாடியவர் தண்டனைக்குரியவர் என்பதிற் கருத்து வேறுபாடில்லை. ஆனால், இழப்பை ஈடுசெய்யவேண்டியவர் யார்? கையில் ஒன்றுமில்லாத வேலையாளா, அவரை அனுப்பி இலாபம் பெற்ற நிறுவனமா, நம்பிக் கதவைத் திறந்த வீட்டுக்காரரா?

இவ்வினாவை ஆராய்வதற்குப் புத்தளம் மாவட்டத்து ஆலங்குடாவை முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரக் கிராமமாகிய இது நெடுங்காலம் மீன்பிடியையும் தோட்டப்பயிரையும் நம்பியிருந்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலர் இப்பகுதி முகாம்களில் வந்து தங்கினர். 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் இக்கடற்கரையிற் சுற்றுலா விடுதிகள் எழுந்தன. மீனவக் குடும்பங்களும், சொந்த வீட்டை இழந்து வந்த குடும்பங்களும், பிறருடைய அறைகளையும் வீடுகளையும் துப்புரவு செய்தும் காவல் காத்தும் பிழைக்கவேண்டிய நிலை இங்கு உருவாகியிருக்கின்றது. சம்மாட்டிக்கும் கரைவலைக் கூலியாளுக்கும் இடையிலான உறவு பங்குக் கணக்கில் அமைந்தது. விடுதி உரிமையாளருக்கும் அறைத் துப்புரவாளருக்கும் இடையிலான உறவோ மாதச் சம்பளத்திலும் சாவிக்கொத்திலும் அமைகின்றது. சாவி கைமாறும் இடத்திலேதான் நமது பிரச்சினை தொடங்குகின்றது.

2. அடிமையின் களவும் சத்திரக்காரனின் பொறுப்பும்

ஒருவர் செய்த தீங்குக்கு மற்றொருவர் ஈடுசெய்யும் கடப்பாட்டை நாம் பிறர்வினைப் பொறுப்பு எனக் குறிப்பிடுவோம். இலங்கையின் பொதுச் சட்டமாக விளங்குவது உரோம ஒல்லாந்தச் சட்டமாதலின், இப்பொறுப்பின் மூலத்தை உரோமிலேயே தேடவேண்டியுள்ளது.

பண்டைய உரோமில் உழைப்பின் பெரும்பகுதி அடிமைகளுடையது. அடிமை ஒருவன் அயலாரின் பொருளைக் களவாடினால், அவனுடைய எசமானன் இரண்டிலொன்றைத் தெரிவு செய்யலாம்: இழப்பைக் கொடுக்கலாம், அல்லது அவ்வடிமையையே இழந்தவரிடம் ஒப்படைத்துவிடலாம். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பன்னிரு பட்டிகைகளிலேயே இம்முறைக்கு இடமுண்டு. இங்கு எசமானனின் பொறுப்பு அடிமையின் விலையைத் தாண்டிச் செல்லவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. மனிதனைப் பொருளாகக் கொண்ட சமுதாயம், அப்பொருள் விளைத்த தீங்குக்கு அப்பொருளின் பெறுமதியையே எல்லையாக்கிற்று.

இதனின்றும் வேறுபட்டது பிரேத்தர் எனப்பட்ட நீதி அதிகாரியின் மற்றொரு கட்டளை. கப்பல் நடத்துவோர், சத்திரம் நடத்துவோர், குதிரைலாயம் நடத்துவோர் ஆகிய மூவகையினரும் தம்மிடம் பத்திரமாக ஏற்றுக்கொண்ட பொருளை அவ்வாறே திருப்பிக் கொடுக்கவேண்டும். கடற்கொள்ளை, கப்பலுடைவு போன்ற தடுக்கவியலா நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. அவர்களுடைய வேலையாட்கள் கப்பலிலோ சத்திரத்திலோ பயணியின் பொருளைக் களவாடினால், அதன் பெறுமதியின் இருமடங்கைக் கோரும் வழக்கும் இருந்தது. இதற்குச் சட்ட அறிஞர் உல்பியன் கூறிய காரணம் வெளிப்படையானது. பயணி இவர்களை நம்பியே தீரவேண்டும். இப்பொறுப்பு இல்லையாயின் இவர்கள் திருடரோடு கூட்டுச்சேர வழி பிறக்கும். கி.பி. 533இல் வெளியான யுஸ்தினியனின் சட்டப் பாடநூல் மேலும் ஒரு காரணத்தைச் சேர்க்கின்றது. தீயவர்களின் உழைப்பைப் பயன்படுத்தியமையே ஓரளவுக்கு எசமானனின் குற்றமாகும் என்பது அது.

இவ்விரு விதிகளையும் அருகருகே வைத்து நோக்கின், பொறுப்பின் இரு வேறு அடிப்படைகள் புலனாகும். முதலாவது, ஆளின் மீதுள்ள உடைமை. இரண்டாவது, வாடிக்கையாளரின் நம்பிக்கையை மூலதனமாகக் கொண்டு நடத்தப்படும் தொழில். அடிமை முறை அழிந்தபின் முதலாவது அடிப்படை தன் பொருளை இழந்தது. இரண்டாவது அடிப்படை இன்றைய ஹோட்டலுக்கும், வீட்டுக்கு ஆளனுப்பும் நிறுவனத்துக்கும் நேராகப் பொருந்துகின்றது.

3. ஒல்லாந்தர் கொணர்ந்த சட்டமும் அமானிதம் என்னும் கருத்தும்

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டுக்கும் 1676ஆம் ஆண்டுக்கும் இடையிற் கோட்டையைக் கட்டினர். கொம்பனியின் வணிகத்தோடு அதன் சட்டமும் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய யொஹான்னெஸ் வூத் என்னும் ஒல்லாந்தச் சட்ட ஆசிரியர், உரோமரின் அடிமைச் சட்டத்தைக் கூலி வேலையாட்களின் காலத்துக்கு ஏற்ப விளக்க முற்பட்டார். எசமானன் எந்த வேலைக்கு ஆளை அமர்த்தினானோ அந்த வேலையினூடாக அவ்வாள் செய்த தீங்குக்கு எசமானன் பொறுப்பாளி; அதற்கு அப்பாற்பட்டதற்குப் பொறுப்பாளி அல்லன் என்பது அவர் தந்த எல்லைக்கோடு. இக்கோட்டை எங்கே வரைவது என்பதே அடுத்த மூன்று நூற்றாண்டுகளின் வழக்குகளாயிற்று. தென்னாபிரிக்க மேல்முறையீட்டு மன்றம் 1914இல் இக்கூற்றை விரிவாக ஆராய்ந்தது. சத்திரக்காரரின் பொறுப்புப் பற்றிய உரோமக் கட்டளை வழக்கிறந்துபோகவில்லை என்பதையும் அதே மன்றம் 1921இல் ஒரு ஹோட்டல் வழக்கில் ஏற்றது.

ஆங்கிலேயர் 1795இல் கற்பிட்டிக் கோட்டையைக் கைப்பற்றினர். 1799ஆம் ஆண்டுப் பிரகடனமும், பின்னர் 1835ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் ஒல்லாந்தர் காலச் சட்டத்தைத் தொடர்ந்து நிலைநிறுத்தின. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்குரியது. 1806ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக்கோவை வாரிசுரிமை, விவாகம் ஆகியவற்றைப் பற்றியது. ஆகவே, வேலையாளின் களவுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவில், ஆலங்குடா முஸ்லிமுக்கும் கற்பிட்டிக் கத்தோலிக்கருக்கும் பொதுச் சட்டமே உரியதாயிற்று.

எனினும், சட்டம் மட்டுமே மக்களின் நீதியுணர்வை ஆக்குவதில்லை. இக்கரையின் முஸ்லிம் மக்களிடையே அமானிதம் என்னும் சொல் இன்றும் வழக்கிலுள்ளது. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பது மார்க்கக் கடமை என்பது அதன் பொருள். இஸ்லாமியச் சட்ட அறிஞரிடையே, பலருக்கும் பொதுவாக வேலை செய்யும் கைவினைஞர் வாடிக்கையாளரின் பொருளை இழந்தால் தம் பிழையின்றியும் ஈடுசெய்யவேண்டுமா என்பது பெரும் விவாதமாக இருந்தது. சாயக்காரர், தையற்காரர் முதலியோரை அவ்வாறு பொறுப்பாளிகளாக்கியதாக நான்காவது கலீபா அலி அவர்கள் மீது ஒரு மரபு உண்டு. மக்களின் பொருளைக் காக்க வேறு வழியில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். உரோமச் சத்திரக்காரனைப் பற்றிய வாதமும் இதுவே என்பதைக் காண்கின்றோம். வேறுபட்ட மரபுகள் ஒரே முடிவை நோக்கி நகர்ந்தமைக்குக் காரணம், நகர வணிக வாழ்க்கை இரண்டிடத்தும் ஒரே சிக்கலைத் தோற்றுவித்தமையே.

4. குடியேற்றவாதச் சட்டம் யாரைக் காத்தது?

19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் வேலையாளைப் பற்றி இயற்றப்பட்ட சட்டங்களைத் தொகுத்து நோக்கும்போது ஒரு சாய்வு தெளிவாகத் தெரிகின்றது. அடிமை முறை 1844இல் முற்றாக ஒழிக்கப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகள் கழிந்து வந்த 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், வேலையை விட்டு நீங்குதல், கீழ்ப்படியாமை போன்றவற்றைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்வதற்கென்றே இயற்றப்பட்டது. சட்டம் நடைமுறையிலிருந்த இடங்களில், வீட்டு வேலையாள் ஒருவர் பதிவேட்டில் தம் பெயரை எழுதுவித்து, எசமானர் குறிப்பெழுதும் கைப்பதிவேட்டையும் வைத்திருக்க வேண்டியவரானார். வேலையாளின் நடத்தைக்குச் சான்று கேட்ட அச்சட்டத்தில், எசமானரின் நடத்தைக்குச் சான்று கூறும் பதிவேடு எதுவும் இல்லை.

தண்டனைச் சட்டமும் இவ்வழியே சென்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவின்படி சாதாரணக் களவுக்கு மூன்றாண்டு வரையிலான சிறை. குடியிருப்பு வீட்டில் நிகழும் களவுக்கு 380ஆம் பிரிவும், எழுதுவினைஞரோ வேலையாளோ தம் எசமானரின் பொருளைக் களவாடுவதற்கு 381ஆம் பிரிவும் ஏழாண்டு வரையிலான சிறையை விதித்தன. அதனைப் பின்பற்றிய இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் எசமானரின் பொருளைக் களவாடும் வேலையாளுக்கெனத் தனிப் பிரிவு வகுத்தது. எசமானரின் வீட்டிற் களவாடிய வேலையாளைப் பற்றிச் சட்டம் முன்கூட்டியே சிந்தித்தது. வாடிக்கையாளரின் வீட்டிற் களவாடிய வேலையாளின் எசமானரைப் பற்றிச் சட்டமன்றம் சிந்திக்கவில்லை. அது நீதிமன்றங்களிடம் விடப்பட்டது. சட்டமன்றம் பேசிய இடத்தையும் மௌனம் சாதித்த இடத்தையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

5. ஆங்கில நீதிமன்றங்களின் தடுமாற்றம்

இலங்கை நீதிமன்றங்கள் இத்துறையில் ஆங்கிலத் தீர்ப்புகளின் செல்வாக்குக்குப் பெரிதும் உட்பட்டவை. ஆதலின் அத்தீர்ப்புகளின் போக்கைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியம்.

1905இல் ஒரு வெள்ளிப் பொருள் வணிகர் வாடகைக்கு அமர்த்திய வண்டியின் சாரதி, திருடரோடு கூடி வண்டியிலிருந்த பொருள்களைக் களவாட வழி செய்தான். வண்டி முதலாளி பொறுப்பல்லர் என்று நீதிமன்றம் கூறியது. களவாடும்போது சாரதி முதலாளியின் வேலையைச் செய்யவில்லை என்பது அதன் வாதம். இவ்வாதத்தின் வலு இன்றும் பலரை மயக்குவது: எந்த முதலாளியும் களவாடுமாறு ஆளை அமர்த்துவதில்லையல்லவா?

1912இல் பிரபுக்கள் சபை இவ்வாதத்தைத் தகர்த்தது. சட்டத்தரணிகள் நிறுவனமொன்றின் முகாமை எழுதுவினைஞர், ஆலோசனை கேட்டு வந்த விதவை ஒருவரை ஏமாற்றிக் கையொப்பம் பெற்று, அவருடைய இரு சிறு வீடுகளையும் தமதாக்கிக்கொண்டார். நிறுவனத்துக்கு இதனால் ஒரு காசும் வரவில்லை. ஆயினும் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. வாடிக்கையாளர் நம்பி வந்தது நிறுவனத்தின் பெயரையே. அந்த நம்பிக்கையைப் பெறும் இடத்தில் எழுதுவினைஞரை இருத்தியது நிறுவனமே. 1955இல் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த மேன்முறையீடு ஒன்றிற் கோமறைக் கழகமும், பொருளேற்றிச் சென்ற வேலையாட்களின் கையாடலுக்குப் போக்குவரத்து முதலாளியைப் பொறுப்பாக்கியது.

1966ஆம் ஆண்டு வழக்கு இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம். ஒரு பெண்மணி தமது விலையுயர்ந்த மென்மயிர்த் தோலாடையைச் சுத்தம் செய்யக் கொடுத்தார். அது மற்றொரு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே அதனைச் சுத்தம் செய்யுமாறு ஒப்படைக்கப்பட்ட வேலையாளே அதனைக் களவாடினார். நிறுவனம் பொறுப்பாக்கப்பட்டது. ஆனால், அதே கட்டடத்தில் வேறு வேலை பார்த்த, அவ்வாடை ஒப்படைக்கப்படாத ஒருவர் அதனைக் களவாடியிருந்தால், முடிவு வேறாக இருந்திருக்கும் என்ற குறிப்பும் அத்தீர்ப்பில் உண்டு. ஒப்படைப்பே அளவுகோலாயிற்று. அமானிதம் என்று நம் மக்கள் கூறுவதை, வேறு சொற்களில் ஆங்கில நீதிமன்றம் கண்டுகொண்டது.

6. வீட்டு வாசலில் நின்ற சட்டம்

ஒப்படைத்த பொருளுக்கு இவ்வளவுகோல் எளிதிற் பொருந்தும். ஆனால் வீட்டுக்காரர் தமது நகைப்பெட்டியை வர்ணம் பூச வந்தவரிடம் ஒப்படைப்பதில்லை. வீட்டினுள் நுழையும் வாய்ப்பை மட்டுமே கொடுக்கின்றார். இங்கேதான் சட்டம் நீண்டகாலம் வாசலிலே தயங்கி நின்றது.

1948ஆம் ஆண்டு வழக்கொன்றில், வீட்டில் தனியே விடப்பட்ட வர்ணம் பூசுபவர், கதவைப் பூட்டாது சுவரொட்டுத் தாள் வாங்கச் சென்றார். அவ்வேளை வேறொரு திருடன் புகுந்து களவாடினான். கதவைக் காக்கும் கடமையை மீறியமைக்காக வர்ணம் பூசுபவரே ஈடுசெய்யவேண்டியவரானார். 1984இல் இலண்டனில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் காவலாளி, குடியிருந்தவர் முகாமையிடம் கொடுத்துவைத்த சாவியைக் கொண்டு வீட்டைத் திறந்து நகைகளைக் களவாடினார். அவர் முன்னரே களவுக்குத் தண்டனை பெற்றவர். ஆளை அமர்த்தும்போது விசாரியாத கவனயீனத்துக்காகவும், சாவி ஒப்படைக்கப்பட்ட வேலையாளின் செயலுக்காகவும் முகாமை நிறுவனம் பொறுப்பாளியாயிற்று. ஆனால் 1987இல், அலுவலகத்தைச் சுத்தம் செய்ய வந்தவர் அங்கிருந்த தொலைபேசியில் வெளிநாட்டுக்குப் பேசி 1,411 பவுண் செலவு வைத்த வழக்கில், சுத்திகரிப்பு நிறுவனம் பொறுப்பன்று என்றாயிற்று. வேலை அவருக்கு வாய்ப்பை மட்டுமே தந்தது, தொலைபேசியைப் பயன்படுத்தும் பணியைத் தரவில்லை என்பது காரணம்.

சாவியைக் காப்பது வேலையாக இருந்தால் பொறுப்பு உண்டு. தூசி தட்டுவது மட்டுமே வேலையாயின் பொறுப்பு ஐயத்துக்குரியது. 2001இல் பிரபுக்கள் சபை, தீச்செயலுக்கும் வேலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டா என்று வினவும் அளவுகோலை முன்வைத்து இக்கோட்டைச் சற்றே நகர்த்தியது. எனினும் வாய்ப்பு மட்டும் போதாது என்ற கருத்து அகலவில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் வழங்கிய தீர்ப்பும் இதே வகையினது. வங்கியில் இடுமாறு, வங்கி ஊழியராகிய பழக்கமானவரிடம் பற்றுச்சீட்டின்றிப் பணம் கொடுக்கப்பட்டது. அவர் அதனைக் கையாடினார். அவர் நண்பராகவே பணத்தைப் பெற்றார், வங்கியின் வேலையாளாக அல்ல என்று கூறி வங்கி விடுவிக்கப்பட்டது. அரசே வேலைகொள்வோராக இருந்தபோது நிலைமை இன்னும் கடுமையாயிற்று. 1947இல் மீரட் நகரப் பொலிசார் ஒரு வணிகரிடம் கைப்பற்றிய 100 தோலாவுக்கு மேற்பட்ட பொன்னை, அதற்குப் பொறுப்பாயிருந்த தலைமைக் கொன்ஸ்தாபல் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குச் சென்றார். இறைமைப் பணியின்போது நிகழ்ந்த தீங்குக்கு அரசு பொறுப்பன்று என உச்ச நீதிமன்றம் 1964இல் தீர்த்தது. ஒப்படைப்புக்கு இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு இல்லை. ஆயினும் ஈடு கிடைக்கவில்லை. 1994இல் அதே நீதிமன்றம் இக்கொள்கையின் எல்லையைப் பெரிதும் சுருக்கியது.

7. இலாபம், இழப்பு, சந்தேகம்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் யாவை?

முதலாவதாக, வேலைகொள்வோரைப் பொறுப்பாக்குவது ஒழுக்கக் குற்றம் சுமத்துவதன்று. வீட்டுக்கு ஆளனுப்பித் தொழில் நடத்துபவர், அத்தொழிலின் இயல்பான ஆபத்துகளையும் தொழிற் செலவாக ஏற்கவேண்டும் என்பதே இதன் பொருளாதார நியாயம். அவர் காப்புறுதி செய்யலாம். அதனைக் கட்டணத்திற் பகிரலாம். ஒரு முறை இழந்த வீட்டுக்காரருக்கு அவ்வழி எளிதன்று. வேலையாளுக்கோ அவ்வழியே இல்லை. ஆதலின், வாய்ப்புக்கும் ஒப்படைப்புக்கும் இடையிலான கோடு வீட்டைப் பொறுத்தவரை நியாயமற்றது என்றே கருதுகின்றோம். மூடிய வீட்டினுள் நுழையும் உரிமையே ஓர் ஒப்படைப்புத்தான்.

இரண்டாவதாக, இப்பொறுப்பினின்றும் தப்ப நிறுவனங்கள் கையாளும் வழிகள் கவனத்துக்குரியவை. பொருள்கள் காணாமற்போனால் முகாமை பொறுப்பல்ல என்னும் அறிவித்தல் ஒன்று. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இத்தகைய வாசகங்களை இலங்கையிற் கேள்விக்குட்படுத்த இடமளிக்கின்றது. மற்றையது, வேலையாளைத் தமது ஆளல்லாது சுயேச்சையான ஒப்பந்தக்காரர் என்று பெயரிடுதல். உழைப்பின் பயனைத் தமதாக்கி, உழைப்பாளியைத் தமதல்லவென மறுக்கும் இம்முறை, உரோம எசமானன் அடிமையை ஒப்படைத்துத் தப்பிய முறையின் புதிய வடிவமேயாகும்.

மூன்றாவதாக, முற்போக்கு நோக்குடையோர் எளிதில் மறந்துவிடும் பக்கமொன்று உண்டு. வேலைகொள்வோர் மீது ஏற்றிய சுமை கீழ்நோக்கி இறங்கிவிடலாம். 1957இல் பிரபுக்கள் சபை, சாரதியாகிய மகனின் கவனயீனத்தால் உடன் வேலைசெய்த தந்தைக்கு ஏற்பட்ட காயத்துக்கு ஈடுகொடுத்த காப்புறுதி நிறுவனம், முதலாளியின் பெயரால் அம்மகனிடமிருந்தே பணத்தை மீளப்பெற அனுமதித்தது. திருடனிடமிருந்து மீளப்பெறுவதை யாரும் குறைகூறார். ஆனால் களவு நிரூபிக்கப்படாத போதும், பொருள் காணாமற்போன அன்று அறையிற் பணிபுரிந்தார் என்பதற்காகவே ஒருவரின் சம்பளத்திற் கழிப்பது, பிறர்வினைப் பொறுப்பைத் தலைகீழாக்குவதாகும். அது வாடிக்கையாளரின் இழப்பை முதலாளியினூடாக ஏழையின் தலையிற் சுமத்துகின்றது. வெளியூரிலிருந்து வந்து குடியேறியோர், முகாமில் வாழ்ந்தோர், பெண்கள் ஆகியோர் மீதே சந்தேகம் முதலில் விழுகின்றது என்பதையும் இங்கு சேர்த்துக் கருதவேண்டும். 1871ஆம் ஆண்டுப் பதிவேட்டின் மனப்பாங்கு சட்டப் புத்தகத்தில் மட்டும் வாழ்வதன்று.

எனவே, ஆலங்குடா போன்ற கரையோரங்களில் வளர்ந்துவரும் விடுதித் தொழிலுக்கு நாம் வேண்டுவது இரு முனைகளைக் கொண்ட விதியாகும். வாடிக்கையாளருக்கு எதிராக, வேலைகொள்வோர் தம் வேலையாளின் களவுக்குப் பொறுப்பேற்கவேண்டும். வேலையாளுக்கு எதிராக, நீதிமன்றம் களவை நிரூபித்துக் கண்டாலன்றி ஒரு சதமேனும் அவர் சம்பளத்திலிருந்து கழித்தலாகாது. முன்னையதை மட்டும் பெற்றால், வீட்டுக்காரரின் நகை காக்கப்பட்டு வேலையாளின் உலை அணையும். பின்னையதை மட்டும் பெற்றால், நம்பிக் கதவு திறந்தவர் நட்டப்படுவார். இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவதற்குச் சட்டத்தரணிகளின் வாதம் மட்டும் போதாது. விடுதித் தொழிலாளரும் வீட்டு வேலையாளரும் தமக்கெனச் சங்கம் அமைத்துப் பேசும் நிலையும் வேண்டும். உரோமப் பயணிக்காகப் பிரேத்தர் பேசினார். அக்கப்பலிற் பொதி சுமந்தவனுக்காகப் பேசியவர் எவருமிலர். அந்த மௌனத்தைக் கலைப்பதே இன்று செய்யப்படவேண்டிய பணியாகும்.